வாத்தியக் குழுவின் நடுவே தமிழ்க் குரல்

பெரிய வாத்தியக் குழுவும் தனிக்குரல்களும் சேர்ந்து, ஒரே நூலின் அல்லது ஒரே காலத்தின் கவிதைகளைத் தொடராகப் பாடும் பதிவுகள் தமிழில் மிகச் சில. இளையராஜாவின் 'திருவாசகம்' (2005), ராஜன் சோமசுந்தரத்தின் 'சந்தம்' (2020) இரண்டும் அவற்றுள் முதன்மையானவை.

இந்த வடிவத்துக்கு ஐரோப்பாவில் பெரிய மரபு உண்டு. சீனக் கவிதைகளின் ஜெர்மன் வடிவங்களைக் கொண்டு மாலர் அமைத்த 'மண்ணின் பாடல்' இரண்டு குரல்களும் ஆறு பாடல்களும் கொண்டது. 1911இல் மியூனிக்கில் அரங்கேறியது. தாகூரின் ஏழு கவிதைகளை எடுத்துக்கொண்ட செம்லின்ஸ்கியின் 'லிரிக் சிம்பொனி' 1924இல் பிராகாவில் ஒலித்தது. இரண்டும் மகத்தானவை. ஆனால் அங்கே சீனமும் இல்லை, வங்காளமும் இல்லை; கருத்து மட்டும் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

'திருவாசக'த்தில் தமிழே ஒலிக்கிறது. அதிலும் ஆறு பாடல்கள்தாம். புடாபெஸ்ட் இசைக்கலைஞர்கள் வாசிக்க, இளையராஜாவே முதன்மைக் குரல். சிவபுராணப் பகுதியில் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் இடையிடையே வருகின்றன. அவை இல்லாமலே அந்தப் பகுதி நின்றிருக்கும் என்பது என் எண்ணம். மாணிக்கவாசகரின் மன்றாட்டுக்குத் துணைக்குரல் தேவையில்லை. என்னை அதிகம் ஈர்த்தது திருப்பொற்சுண்ணம். பெண்கள் கூடி நறுமணப் பொடி இடிக்கும்போது பாடும் பாட்டு அது. உலக்கையின் தாளம் செய்யுளுக்குள்ளேயே இருக்கிறது. அம்மானை, பொன்னூசல், உந்தியார் என்று திருவாசகத்தின் பல பதிகங்களில் இப்படிப் பெண்களின் வேலைப் பாட்டும் விளையாட்டுப் பாட்டும் பக்தியைச் சுமக்கின்றன.

'சந்தம்' சங்கப் பாடல்களை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் டர்ஹம் சிம்பொனி குழுவோடு பாம்பே ஜெயஸ்ரீ, கார்த்திக் போன்றோர் பாடினர். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் அதற்கு முன்பே, 2019 சிகாகோ உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கருப்பொருள் பாடலாக அரங்கேறியிருந்தது. குறுந்தொகைப் பாடல்களைக் கேட்கும்போது ஒன்று புரியும். ஐந்தாறு வரிக் கவிதைக்கு நீண்ட வாத்திய இடையிசை பாரமாகலாம்; குரல் தணிந்து, வயலின்கள் ஒதுங்கி வழிவிடும் இடத்தில்தான் கவிதை நெஞ்சில் இறங்குகிறது. குறிலை நெடிலாக இழுத்துவிட்டால் எத்தனை வயலின் இருந்தும் பயனில்லை. தமிழ்ப் பாட்டில் குழுவை நடத்த வேண்டியது சொல்லின் மாத்திரை.

பக்தியும் சங்கமும் வந்துவிட்டன. மலேசியத் தோட்டத் தமிழர்களான எங்கள் பாட்டு இன்னும் வரவில்லை.

கேமரன் மலையில், கியா பார்மிலிருந்து சற்றுத் தூரத்தில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ (BOH) தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று. இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களோடு தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டும் மலையேறி வந்தன. திருப்பொற்சுண்ணத்தின் வம்சம்தான் அவையும்: கை வேலை செய்ய, வாய் தாளம் பிடிக்கும். இலங்கை மலையகப் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தார், மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேர்த்தனர். அச்சில் சொல் தங்கியது. மெட்டு பாடியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. இன்று கொழுந்து வெட்டுவோரில் பெரும்பாலோர் வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். பாட்டு காட்டை விட்டு வீட்டுக்குள் ஒதுங்கிவிட்டது.

மலேசிய பில்ஹார்மோனிக் குழு 1998 முதல் கோலாலம்பூரில் வாசித்துவருகிறது. தைப்பூசத்தில் உறுமி அடிக்கும் இளைஞர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஒப்பாரிக்கு ஒரு முதிய பெண்குரல், ஏசல் பாட்டுக்கு ஓர் ஆண்குரல், உறுமியோடு செல்லோக்கள்: இப்படி ஒரு தொடரை நம் இசையமைப்பாளர்கள் எழுத முன்வர வேண்டும். அதற்கு முன், பாட்டுத் தெரிந்த பாட்டி வீட்டில் இருப்பவர்கள் அவர் குரலைக் கைப்பேசியிலாவது பதிந்துவையுங்கள். துணுக்காக வேண்டாம், முழுப் பாட்டாக.