விருப்பும் தெரிவும்: பல்கலைக்கழக வீராங்கனையின் விளையாட்டுடை பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டுடைகளை வாங்குவதில் இளம் பெண்களின் பழக்கங்களும் விருப்பங்களும் எத்தகையன என்னும் வினா, நுகர்வோர் நடத்தை பற்றிய ஆய்வுகளிலே அடிக்கடி எழுப்பப்படுவதொன்றாகும். நிறம், விலை, வர்த்தகப் பெயர், அணியும்பொழுது கிடைக்கும் வசதி என்பவற்றை நிரல்படுத்தி, இவற்றுள் எது முதன்மையானது என வீராங்கனைகளிடம் கேட்டு, கிடைத்த விடைகளைக் கூட்டிப் பார்த்து முடிவு கூறுதல் இவ்வாய்வுகளின் பொதுவான முறை. இம்முறை ஓர் அடிப்படையை வினாவின்றி ஒப்புக்கொண்டே தொடங்குகின்றது. வாங்குபவள் தெரிவு செய்கின்றாள் என்பதே அது. கடையினுள்ளே நுழையும் மாணவி தன் முன் விரிக்கப்பட்டவற்றுள் பிடித்ததை எடுக்கின்றாள். எடுத்தமையால் அது அவளுக்குப் பிடித்தது எனக் கொள்ளப்படுகின்றது. வட்டமாகச் சுழலும் இத்தருக்கம் அமெரிக்கக் கல்லூரி நகரொன்றிலே ஓரளவு பொருந்தலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே அது எத்துணை பொருந்தும் என்பது நுணுகி நோக்கத்தக்கது.

இத்துறையில் ஆய்வு செய்வோர் பெரிதும் எடுத்தாளும் சட்டகம் ஒன்றுண்டு. லாம்ப், கலால் ஆகிய இருவர் 1992 இல் முன்வைத்த அச்சட்டகம், உடையொன்றிலே அணிபவர் எதிர்பார்ப்பனவற்றைப் பயன்பாடு, வெளிப்பாடு, அழகு என மூன்றாக வகுக்கின்றது. அணிபவரை நடுவிலே நிறுத்தி, அவரைச் சூழ்ந்த வளையமாகப் பண்பாட்டை வரைந்து, அதற்கு வெளியே இம்மூன்றையும் அவர்கள் அமைத்தனர். பண்பாட்டை அவர்கள் மறந்துவிட்டனர் எனக் கூறுதல் நியாயமாகாது. ஆயின் அவர்களின் வரைபடத்திலே பண்பாடு எட்டத்தில் நிற்கும் ஒரு வளையம். திருநெல்வேலியிலோ அது மாணவியுடன் கடைக்கு வந்து, அவள் பக்கத்தில் நின்று, சில வேளைகளில் அவளுக்காகப் பணத்தையும் கொடுக்கின்றது. தாயாக, தமையனாக, விடுதித் தோழியாக அது பேசுகின்றது. நுகர்ச்சியின் சூழல் என அவர்கள் கருதியது இங்கு நுகர்பவருள் ஒருவராகவே இருக்கின்றது.

பரமேஸ்வராக் கல்லூரி வளவிலே 1974 இல் தொடங்கிய பல்கலைக்கழகத்திற்கு இன்று நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவியர் வருகின்றனர். வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள் முதலியவற்றில் ஈடுபடும் ஒரு மாணவியின் உடைகள் எவ்வழிகளால் அவளை வந்தடைகின்றன என்று பார்ப்பின், கடை என்பது அவ்வழிகளுள் ஒன்று மட்டுமே என்பது புலனாகும். அணியின் ஜேர்சி நிறுவனத்தாலோ நன்கொடையாளராலோ தரப்படுவது. சப்பாத்து, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் சிற்றன்னையின் பொதியிலே வந்ததாகவோ, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வந்தவர் விட்டுச் சென்றதாகவோ இருக்கக்கூடும். எஞ்சியவற்றை யாழ்ப்பாண நகரத்துக் கடைகளிலும், ஏற்றுமதிக்கெனத் தைத்து மிஞ்சியவற்றை விற்கும் இடங்களிலும் அவள் தேடிக்கொள்கின்றாள். இவ்விடங்களில் விற்கப்படும் உடைகளின் கழுத்துப் பட்டியிலிருந்து வர்த்தகப் பெயர் வெட்டப்பட்டிருப்பது பலரும் அறிந்தது. வர்த்தகப் பெயர் மீதான பற்று என்பதை அளக்கவரும் ஆய்வாளர், பெயர் வெட்டப்பட்ட மேலாடையையும் சிற்றன்னை அனுப்பிய சப்பாத்தையும் வைத்துக்கொண்டு எதனை அளப்பார்? அவர் அளப்பது பெரும்பாலும் ரொறன்ரோவில் வாழும் ஒருத்தியின் விருப்பத்தையே ஆகும்.

பொருளாதார நிலையும் இவ்விடத்திலே கருதற்பாலது. 2022 இன் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபா அளவை எட்டியது. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்த மகாபொல உதவித்தொகை 2025 இலேதான் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இறக்குமதியாகும் நல்லதோர் ஓட்டச் சப்பாத்து அத்தொகையைப் பல மடங்கு விஞ்சும். விலையே முதன்மையானது என ஒருத்தி வினாக்கொத்தில் அடையாளமிடுவாளாயின் அது விருப்பம் பற்றிய செய்தி அன்று.

எனினும் வறுமையை மட்டும் காரணமாகக் காட்டி அமைதி கொள்வதும் முழுமையான விளக்கமாகாது. நிறுவனம் தருவனவற்றையும் மாணவி தானே தேடிக்கொள்வனவற்றையும் இரு பக்கங்களில் வைத்து நோக்கின் ஓர் ஒழுங்கு தென்படும். பிறர் கண்ணிற் படுவது கொடுக்கப்படுகின்றது. படாதது அவளிடமே விடப்படுகின்றது. ஜேர்சியிலே பெயரும் இலக்கமும் இலச்சினையும் உண்டு; குழுப்படத்திலே அது தெரியும்; ஆதலின் அதற்கு நிதி உண்டு. விளையாட்டுக்குரிய மார்க்கச்சை, உள்ளே அணியும் இறுக்கமான ‘ரைற்ஸ்’, வியர்வையை உறிஞ்சும் காலுறை, மாதவிடாய் நாள்களுக்கு வேண்டியவை ஆகியன எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவது அரிது. ஓடுபவளின் உடலை உண்மையிலே தாங்குவன இவையே. ஓட்டத்தின்போது மார்பு மேலும் கீழுமாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அசைகின்றது என்பதும், சாதாரண உள்ளாடை அவ்வசைவைத் தடுக்கப் போதியதன்று என்பதும் இன்று ஐயத்துக்கிடமற்ற உடலியற் செய்திகள். ஆயினும் இவை பயிற்றுநருக்கும் வீராங்கனைக்குமிடையே பேசப்படுதல் அருமை. பயிற்றுநர் ஆணாக இருப்பின் சொல்லவே வேண்டியதில்லை.

இவ்வுடைகளின் வாழ்வும் கருதத்தக்கது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறைகளினூடாக வரும் கிணற்று நீர் வன்மையானது, சவர்க்காரம் எளிதில் நுரைக்காது, துணி விறைக்கும். ஜேர்சியைக் கொடியிலே விரித்து வெயிலிற் காயவிடலாம். மார்க்கச்சையை அவ்வாறு காயவிடுதல் விடுதியிலும் வீட்டிலும் ஒழுக்கக் குறைவாகக் கருதப்படுவதால், துவாயின் கீழே மறைத்து நிழலிலே காயவிடப்படுகின்றது. ஈரம் முற்றாக உலராத ஒன்றை மறுநாட் காலை அணிய நேர்கின்றது. தோல் உரசிப் புண்படுகின்றது. விரைவில் உலரும் மெல்லிய துணியொன்றை ஒருத்தி விரும்பி வாங்குவதன் பின்னணியில், கொடியிற் காயப்போட முடியாமை என்னும் இக்காரணம் இருக்கக்கூடும் என்பதை எந்த வினாக்கொத்து வெளிக்கொணரும்?

பெண்ணின் ஆட்டத்தைப் பார்ப்பவன் கண்வழியே மட்டும் நோக்கும் மரபு தமிழிலக்கியத்திலே நெடியது. சீவக சிந்தாமணியில் விமலையின் பந்து வீதிக்கு உருண்டோடுவது சீவகன் அவளைக் காண்பதற்காகவே. பெருங்கதையின் வத்தவ காண்டத்திலுள்ள ஒரு பகுதி ‘பந்தடி கண்டது’ என்னும் பெயரையே பெற்றுள்ளது. பந்தடித்தது என்றில்லாது கண்டது என்று அப்பகுதிக்குப் பெயர் வாய்த்திருப்பது கவனிக்கத்தக்கது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும்பொழுது வளையும் கூந்தலும் இடையும் மார்பும் என ஒவ்வொன்றாக வருணிக்கப்படுகின்றன. (அக்குற்றாலம் 2019 வரை மற்றைத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது என்பது ஒரு தற்செயலான பொருத்தம்.) இப்பாடல்களின் சந்த அழகு மறுக்கற்பாலதன்று. ஆயினும் அத்தனை அணிகளையும் பூண்டு பந்தடிப்பது அவளுக்கு எவ்வாறிருந்தது என்னும் வினா இம்மரபிலே எழவில்லை. புலவனின் கண் இன்று பார்வையாளர் மேடைக்கும் செல்பேசிக்கும் இடம்பெயர்ந்துள்ளது. பல்கலைக்கழக மைதானத்திலே ‘ரைற்ஸ்’ அணிந்து ஓடும் மாணவி, மைதானத்தை விட்டு நீங்குமுன் அதன்மேலே ‘பொட்டம்’ என வழங்கும் நீளக் காற்சட்டையை அணிந்தே துவிச்சக்கரவண்டியில் ஏறுவாளாயின், அது குளிருக்காக அன்று. பரமேஸ்வராச் சந்தியிலே பனி பெய்வதில்லை.

உடலை மூடுதல் பிற்போக்கு, திறத்தல் முற்போக்கு என்னும் எளிய சமன்பாடும் ஏற்கத்தக்கதன்று. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே கதி ஃபிறீமன் தலை முதல் கணுக்கால் வரை மூடிய உடையணிந்தே 400 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2021 இல் நோர்வேயின் கடற்கரைக் கைப்பந்தாட்ட அணியினர், விதிக்கப்பட்ட சிற்றுடையை மறுத்துக் குறுங்காற்சட்டை அணிந்தமைக்காக 1,500 யூரோ தண்டம் விதிக்கப்பெற்றனர். எதிர்ப்பு வலுத்த பின்னர் அவ்வாண்டிலேயே விதி மாற்றப்பட்டது. விம்பிள்டனில் வெண்ணிற உடையின் கீழ் இருண்ட நிறக் குறுங்காற்சட்டை அணிய வீராங்கனைகளுக்கு அனுமதி கிடைத்தது 2023 இலே. இங்கிலாந்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணி வெள்ளைக் காற்சட்டையை விடுத்து நீலத்துக்கு மாறியதும் அதே ஆண்டிலே. மாதவிடாய் நாள்களில் வெண்ணிறம் தரும் அச்சத்தை வீராங்கனைகள் வெளிப்படையாகக் கூறத் துணிந்தமையே இவ்விரு மாற்றங்களுக்கும் காரணம். மூடச் சொல்லும் ஊரிலும் திறக்கச் சொல்லும் சங்கத்திலும் பொதுவாயிருப்பது, அணிபவளைக் கேளாமை.

வடபுலத்திலே இம்முரண்பாடு கூர்மையாக வெளிப்படும் நிகழ்ச்சி கோலூன்றிப் பாய்தலாகும். ஒலிம்பிக்கிலே பெண்களுக்கு 2000 இலேதான் இடமளிக்கப்பட்ட இந்நிகழ்ச்சியில், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தார். தளர்ந்த மேலாடையின் ஓரம் தட்டிக் குறுக்குக் கம்பம் விழுந்தாலும் அம்முயற்சி தோல்வியே. ஆதலின் இங்கு உடலோடு ஒட்டிய உடை நாகரிகமோ பகட்டோ அன்று. உயரத்தின் ஒரு பகுதி. ஊர் ஒழுக்கம் கேட்கும் தளர்ச்சியைக் குறுக்குக் கம்பம் ஏற்பதில்லை. வெற்றி கிட்டிய பின்னர் அதே உடையிலே எடுக்கப்பட்ட படத்தை ஊர் பெருமையுடன் சுவரில் மாட்டுகின்றது. வெற்றிக்கு முந்திய பல ஆண்டுக்காலப் பயிற்சியின்போது அவ்வுடை பற்றி அதே ஊர் என்ன பேசும் என்பதை ஊகித்தல் கடினமன்று. புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரமுடையவர். இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் தூணாக விளங்கியவர். கடைகளின் அளவுப் பட்டியல் யாரை மனத்திற்கொண்டு வரையப்பட்டது என்னும் வினாவை இத்தகைய உடல் ஒன்றே எழுப்பிவிடுகின்றது. அளவுகள் இயற்கையானவை அல்ல. சப்பாத்தை எடுத்துக்கொண்டால், பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தின் சிறிய பிரதி அன்று. குதி ஒடுங்கியும் முன்பாதம் ஒப்பளவில் அகன்றும் அமைவது. ஆயினும் நெடுங்காலம் ஆண்களின் அச்சையே சுருக்கிப் பெண்களுக்கு விற்றுவந்தனர்.

தேவையை உணர்ந்தவர்களே ஆக்குநராகவும் அமைந்த ஓர் எடுத்துக்காட்டு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இன்று உலகெங்கும் விற்பனையாகும் விளையாட்டு மார்க்கச்சையின் முன்னோடி 1977 இலே அமெரிக்காவின் வேர்மொன்ற் பல்கலைக்கழகச் சூழலிலே பிறந்தது. ஓட்டத்தில் ஈடுபட்ட லீசா லின்டாலும், அவருடன் பொலி சிமித், ஹின்டா மில்லர் ஆகியோரும், ஆண் விளையாட்டு வீரர் அணியும் இரண்டு உள்ளாடைகளைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியை ஆக்கினர். பெரும் நிறுவனம் எதுவும் சந்தையை ஆராய்ந்து அதைக் கண்டுபிடிக்கவில்லை. அக்காலத்தே வினாக்கொத்தொன்று வழங்கப்பட்டிருப்பின், கடையிலே இல்லாத பொருளை விரும்புவதாக யார் அடையாளமிட்டிருப்பர்?

வேர்மொன்றை விடுத்துக் கிளிநொச்சியை நோக்கின் நிலைமை வேறொரு கோணத்தில் விளங்கும். ஆடையே இலங்கையின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதி. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தொலைவிலே, போருக்குப் பின்னர் மாஸ் நிறுவனம் அமைத்த ‘வானவில்’ தொழிற்சாலையிலே வன்னிப் பெண்கள் புறநாட்டுச் சந்தைக்கான ஆடைகளைத் தைக்கின்றனர். உலகின் முன்னணி விளையாட்டுடைகளைத் தைக்கும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அவ்வாறிருக்க, அக்காவின் கை தைத்தது கொழும்புத் துறைமுகத்தினூடாகக் கடல் கடந்து, ரொறன்ரோக் கடையிலே விலையேறி, சிற்றன்னையின் பொதியிலே தங்கையிடம் திரும்பி வருதல் கூடும். உற்பத்தி செய்பவளும் அணிய வேண்டியவளும் ஒரே மொழி பேசி, ஒரே ஏ-9 வீதியிலே பேருந்தேறுபவர்களாயினும், அவர்களுக்கிடையே சந்தை உலகத்தையே சுற்றி வருகின்றது. நுகர்வோர் நடத்தை ஆய்வின் எல்லைக்குள் இச்சுற்று அகப்படுவதில்லை. கடையின் வாசலிலேயே அது தொடங்கி முடிந்துவிடுகின்றது.

இவற்றால் வீராங்கனைகள் செயலற்றவர்கள் எனக் கொள்ளின் அதுவும் பிழையாகும். விடுதி அறைகளிலே மூத்த மாணவியரிடமிருந்து இளையோருக்குக் கைமாறும் அறிவு ஒன்றுண்டு: கறுப்பே பாதுகாப்பானது, வெளிச்சத்திற்குப் பிடித்துப் பார்த்தே துணியை வாங்க வேண்டும், சப்பாத்தைக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையிலே அணிந்து பார்க்க வேண்டும், தரப்பட்ட ஜேர்சி பெரிதாயின் இன்ன தையற்காரியிடம் கொடுத்து பக்கங்களைப் பிடிப்பிக்கலாம். ஆண் அளவிலே வந்த ஜேர்சியைத் தையற்காரியிடம் கொண்டு செல்லும் அச்செயலிலேதான் ‘விருப்பு’ என்னும் சொல் முதன்முறையாகப் பொருள் பெறுகின்றது. அவள் வாங்கியதைக் காட்டிலும், வாங்கியதை அவள் எங்கே வெட்டினாள், எங்கே தைத்தாள் என்று பார்ப்பதே ஆய்வாளருக்குக் கூடுதலான செய்தியைத் தரும்.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் நெருங்கும் வேளைகளிலே அணியுடைக்குக் கட்டளை கொடுப்பதற்கான தாள் ஒன்று வீராங்கனைகளிடையே சுற்றிவருவது வழக்கம். அத்தாளிலே பெயருக்கு ஒரு நிரலும், முதுகில் பொறிக்கும் இலக்கத்துக்கு ஒரு நிரலும், அளவுக்கு ஒரு நிரலும் இருக்கும். துணியின் தடிப்பு, காற்சட்டையின் நீளம், கையின் வெட்டு, உள்ளே அணிய வேண்டியவை ஆகியவற்றுக்கும் நிரல்கள் வரைவதற்கு அத்தாளின் வலப்புறத்திலே போதிய இடமுண்டு.