எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

குத்துச்சண்டைக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. திருவெள்ளறையில் மூக்கை உடைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கோயில் படிக்கட்டே போதும். ஆனாலும் குத்துச்சண்டைக் கதை என்றால் விடமாட்டேன். சண்டையைவிட அதற்கு முந்திய கணக்கில் எனக்கு ருசி அதிகம்.

காசுக்குக் குத்துபவன் எதிராளியை வீரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பலசாலி, ஆனால் பெயரில்லாதவன் என்றால் கூட்டம் வராது. ஜெயித்தால் லாபமில்லை, தோற்றால் சர்வநாசம். அவனை நாசூக்காகத் தவிர்த்துவிடுவார்கள். பெயர் பெரிது, தேகம் தளர்ந்துவிட்டது என்றால் அவனே உத்தமமான எதிராளி. பெயரும் பலமும் சேர்ந்தவனோடு மோதவேண்டுமானால், அதற்கேற்ற தொகை கைக்கு வரவேண்டும்.

1909-ல் ஜாக் லண்டன், ஒரு துண்டு மாமிசத்தையே தலைப்பாக வைத்து ஒரு சிறுகதை எழுதினார். ஆஸ்திரேலியாவில் டாம் கிங் என்று வயதான குத்துச்சண்டைக்காரன். ஜெயித்தால் 30 பவுன். தோற்றவனுக்குரிய 3 பவுனை அவன் முன்பணமாக வாங்கிச் செலவழித்தாகிவிட்டது. வாலிப எதிராளிக்கு இவனுடைய பழைய பெயர் ஓர் ஏணிப்படி. இவனும் ஒரு காலத்தில் கிழவர்கள்மேல் ஏறி வந்தவன்தான். தான் வீழ்த்திய கிழவன் அன்று ஏன் அழுதான் என்பது தோற்ற பிறகுதான் அவனுக்குப் புரிகிறது. இங்கே எதிராளியைத் தேர்ந்தெடுத்தது பசி.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தில் தேர்ந்தெடுப்பது மானம். 1970-களின் வடசென்னை. வேம்புலியைத் தம் பையன் வெல்லாவிட்டால் இனிச் சார்பட்டா மேடையேறாது என்று ரங்கன் வாத்தியார் சபதம் செய்கிறார். சபதம் வாத்தியாருடையது, தாடையைக் கொடுக்க வேண்டியவனோ துறைமுகக் கூலி கபிலன். டான்ஸிங் ரோஸோடு அவன் போடும் சண்டையை மறக்கமுடியாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை அவன் தாய் பாக்கியம் ஒருத்திதான் கேட்கிறாள். கொலையுண்ட கணவனைப் பார்த்தவள் அவள். இந்தத் தொழிலின் நஷ்டக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். பின்பாதியில் அவளே மகனைப் பயிற்சிக்கு அனுப்புகிறாள். அத்தோடு கணக்குப் புத்தகம் மூடப்பட்டுவிடுகிறது. என் குறை அதுதான்.

மானத்துக்குமுன் பணம் எம்மாத்திரம் என்று கேட்கலாம். அதே சென்னைக்கு 1980 ஜனவரியில் முகமது அலி வந்தார். பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். கைதட்டல் உண்டு, அபாயமில்லை. அந்த அக்டோபர் 2-ஆம் தேதி, 38 வயதில், லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸை எதிர்த்தார். ஹோம்ஸ் முன்பு அவருக்குப் பயிற்சித் துணையாக நின்றவர். பேசிய தொகை 80 லட்சம் டாலர். பத்துச் சுற்று அடி வாங்கியபின் அவருடைய பயிற்சியாளரே சண்டையை நிறுத்தினார். அவரை இழுத்தது மானமா, பணமா? பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

எங்கள் ஊரில் ஸ்வஸ்திக வடிவில் பல்லவர் காலத்துக் கிணறு ஒன்று இருக்கிறது. நாலு பக்கமும் படிகள். ஒரு படியில் குளிப்பவர் மற்றவர் கண்ணில் படமாட்டார். பந்தயம் நடத்துபவர், வாத்தியார், வேடிக்கை பார்ப்பவர், அடி வாங்குபவன் எல்லோரும் அப்படித்தான். இறங்குவது ஒரே தண்ணீரில். ஒருவர் படி ஒருவருக்குத் தெரியாது. நாலையும் பார்க்கிற இடத்தில் கதாசிரியன் நிற்கவேண்டும். லண்டன் அடிபட்டவனின் படியில் நின்றே மற்ற மூன்றையும் காட்டிவிட்டார். ரஞ்சித்தோ கடைசியில் வேடிக்கை பார்ப்பவர்களோடு சேர்ந்துவிடுகிறார். நானும் கை தட்டினேன். ஆனால் பாக்கியத்தின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.