தரை தட்டவென்றே ஒரு கப்பல்

கப்பல் தரை தட்டிவிட்டது என்றால் எந்தக் கேப்டனுக்கும் வயிறு கலங்கும். ஆனால் தரை தட்டுவதற்கென்றே கட்டிய கப்பல் ஒன்று உண்டு. டாங்கிகளைக் கரையிறக்கும் எல்.எஸ்.டி. அது. கப்பற்கலையில் இதைவிடத் துணிச்சலான வடிவத்தை நான் அறியேன்.

இரண்டாம் உலகப் போரின்போது டன்கர்க்கில் பிரிட்டிஷ் படை கனரகத் தளவாடங்களையெல்லாம் விட்டுவிட்டுத் திரும்பியபின், டாங்கிகளை நேரே மணலில் இறக்கும் கப்பல் தேவைப்பட்டது. பெருங்கடலைத் தாண்ட ஆழமாக மூழ்கி மிதக்க வேண்டும்; கரையை நெருங்கவோ மூழ்கும் ஆழம் குறைய வேண்டும். இரண்டும் ஒரே கப்பலில் எப்படி? 1941 நவம்பரில் ஜான் நீடர்மையர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் சில மணி நேரத்தில் வரைந்து காட்டினார். வழியில் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள். கரைக்கு முன் அதை வெளியேற்றிவிடு. அவ்வளவுதான். 328 அடி நீளக் கப்பல், கரையேறும்போது அணியத்தில் 4 அடித் தண்ணீருக்குள்ளும் பின்புறம் 10 அடிக்குள்ளும் நின்றுவிடும்.

ஏறியது சரி, இறங்குவது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கரையை நோக்கி வரும்போதே பின்புறத்து நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு, கம்பி வடத்தை விட்டுக்கொண்டே வருவார்கள். சுமை இறங்கியதும் வின்ச் அந்த வடத்தைச் சுருட்டும். கப்பல் தன்னைத்தானே பின்னோக்கி இழுத்துக்கொண்டு மிதக்கும்.

1944 ஜூன் 12 அன்று நார்மண்டியில் எடுத்த புகைப்படம் ஒன்றில் எல்.எஸ்.டி-325 நிற்கிறது. கடல் வற்றி, கப்பல் முழுதாக மணலில். என்றும் நீருக்குள் மறைந்திருக்கும் இரட்டைச் சுழலிகளும் சுக்கான்களும் பட்டப்பகலில் தெரிகின்றன. பின்புறத்தில் அந்த நங்கூரம். பக்கத்திலேயே எல்.எஸ்.டி-388. வேறெந்தக் கப்பலாயினும் அது விபத்துப் படம். இங்கோ சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

பெயரின் மூன்று எழுத்துகளுக்கு 'பெரிய, மெதுவான இலக்கு' என்று மாலுமிகள் வேறு விரிவு சொன்னார்கள். முழு வேகமே சுமார் 12 நாட். ஆனாலும் 325 ஓய்ந்ததில்லை. 1943 பிப்ரவரியில் பணியேற்று, அதே ஆண்டு சிசிலி, சலேர்னோ. மறு ஆண்டு நார்மண்டி, பிறகு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து நாற்பதுக்கு மேற்பட்ட நடைகள். 1944 டிசம்பர் 28-ல் மூழ்கிக்கொண்டிருந்த எம்பயர் ஜாவலின் கப்பலிலிருந்து நூற்றுக்கணக்கான வீரர்களை மீட்டது. 1964-ல் கிரேக்கக் கடற்படைக்குப் போய், சீரோஸ் என்ற பெயரில் 1999 வரை உழைத்தது.

2000-ஆம் ஆண்டு, சராசரி 72 வயதுள்ள முன்னாள் மாலுமிகள் அது நின்றிருந்த கிரீட் தீவுக்குப் போய்க் கப்பலைத் தாங்களே பழுது பார்த்தார்கள். ராபர்ட் ஜார்ன்லின் தலைமையில் அட்லாண்டிக்கைக் கடந்து, 2001 ஜனவரி 10-ல் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். போருக்காகக் கட்டியபோது எல்.எஸ்.டி.க்கு இத்தனை ஆயுளை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இப்போது 325 இண்டியானாவின் எவான்ஸ்வில்லில், ஒஹையோ ஆற்றங்கரையில் நிற்கிறது. கடலே இல்லாத அந்த ஊரில் போர்க்காலத்தில் 167 எல்.எஸ்.டி.கள் கட்டினார்கள். அங்கே போகிறவர்கள் எல்லோரும் முன்புறத்து இரட்டைக் கதவுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் பின்புறமும் போய், அந்த நங்கூரத்தின் அருகே சற்று நில்லுங்கள்.