ஓரங்கள் மங்கும் சதுரம்

ஹோல்கா கேமராவை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர்கள் உடனே அதைக் குலுக்கிப் பார்ப்பார்கள். அவ்வளவு எடை குறைவு. உடம்பு கறுப்பு பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக். ஷட்டரை அழுத்தினால் உள்ளே சின்ன ஸ்பிரிங் ஒன்று 'டக்' என்று தட்டி ஓய்ந்துவிடும். பின்கதவைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் தகடுக் கொக்கிகள். தோளில் போடும் வாரும் அந்தக் கொக்கிகளில்தான் மாட்டியிருக்கிறது என்பதால், நடக்கிற நடையில் கொக்கி மேலேறிக் கழன்று கதவு தானே திறந்துகொள்ளும். ஹோல்கா வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் கேமராவைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருப்பது இதனால்தான்.

இந்தக் கேமராவில் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், 'குறைதான் அழகு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிகூட உண்மையில்லை. மங்கலான படங்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றாது. பொம்மைக் கேமராவின் நல்ல படம் எது என்றால், தன் கேமராவின் குறை எந்த இடத்தில் விழும் என்று எடுத்தவருக்குத் தெரிந்திருந்து, அந்த இடத்துக்கு எது பொருந்துமோ அதை அங்கே நிறுத்திய படம்.

அதைப் புரிந்துகொள்ள லென்ஸிலிருந்து தொடங்க வேண்டும். ஹோல்காவில் இருப்பது ஒரே ஒரு வில்லை: ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்த மெனிஸ்கஸ். 1812இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன், கேமரா அப்ஸ்குராவுக்கு ஏற்றது என்று முன்வைத்த வடிவத்தின் நேரடி வாரிசு அது. புகைப்படம் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே வந்த யோசனை. இப்படிப்பட்ட தனி வில்லை காட்சியைக் கூர்மையாக விழச் செய்யும் பரப்பு தட்டையாக இருக்காது, வளைந்திருக்கும். ஃபிலிமோ தட்டை. ஆகவே நடுவில் கூர்மை கிடைத்தால் ஓரத்தில் கிடைக்காது. அக்ஃபா கிளாக் போன்ற பழைய கேமராக்களைச் செய்தவர்கள் இதை அறிந்து, ஃபிலிம் ஓடும் பாதையையே வளைத்து ஓரத்தைக் காப்பாற்றினார்கள். ஹோல்காவில் அந்த ஏற்பாடெல்லாம் இல்லை. இதோடு, லென்ஸ் உள்ளே விழுத்தும் ஒளிவட்டம் 6×6 செ.மீ. சதுரத்தின் மூலைகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் நன்றாகச் சோர்ந்துவிடுகிறது. மூலைகள் இருட்டாவது அதனால்.

படங்களைப் பல தடவை பார்த்தால்தான் பிடிபடும் ஒரு விஷயம் உண்டு. ஓரத்து மங்கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கல் இல்லை. அதற்கு ஒரு திசை இருக்கிறது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எல்லாம் இழுபட்டுத் தேய்ந்ததுபோலத் தெரியும். மரக்கிளையை ஓரத்தில் வைத்தால் இலைகளில் காற்று அடிக்கிறது என்று தோன்றும். புல்வெளியை வைத்தால் புல் நகரும். அதே இடத்தில் கட்டடத்தின் செங்குத்தான மூலையையோ கடைப் பலகையின் எழுத்தையோ வைத்துப் பாருங்கள், வெறும் தவறாகத்தான் தெரியும். இலை, புகை, தண்ணீர், மேகம், தலைமயிர், துணி: ஓரத்துக்கு உரியவை இவை. முகமும் கையும் எழுத்தும் நடுவுக்கு உரியவை. எந்தக் கையேட்டிலும் இந்த இலக்கணம் கிடையாது. படம் படமாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஹாங்காங்கில் டி. எம். லீ 1981இல் ஹோல்காவை வடிவமைத்தபோது கலைஞர்கள் யாரும் அவர் மனத்தில் இல்லை. சீனாவின் சாதாரண உழைப்பாளிக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில், அங்கே அன்று எளிதாகக் கிடைத்த 120 ஃபிலிமைப் போட்டு எடுக்க ஒரு குடும்பக் கேமரா வேண்டும் என்பதுதான் எண்ணம். வெகு சீக்கிரமே 35 மி.மீ. ஃபிலிம் சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஹோல்கா தன் வாழ்வை வெளிநாட்டில் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அங்கே அதற்கு முன்பே ஒரு அக்கா போய்ப் பாதை போட்டு வைத்திருந்தாள். டயானா. ஹாங்காங்கின் கவுலூனில் இருந்த கிரேட் வால் பிளாஸ்டிக் ஆலை 1960களில் செய்தது. அமெரிக்காவில் பரிசுப்பொருளாகவும் விளம்பர இலவசமாகவும் போய்ச் சேர்ந்த சின்னக் கேமரா. அதை எடுத்துக்கொண்டு ஓஹியோவின் சிற்றூர்களில் அலைந்தவர் நான்சி ரெக்ஸ்ரோத். 1977இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'ஐயோவா'. படங்கள் பெரும்பாலும் ஓஹியோவில் எடுத்தவை. சின்ன வயதில் கோடைகளில் போய்வந்த ஐயோவாவின் நினைவுதான் அவற்றுக்கு ஊர். நாற்பது வருடம் கழித்து, 2017இல், அந்தப் புத்தகம் மறுபதிப்பு கண்டது.

அதில் 1976இல் ஏம்ஸ்வில்லில் எடுத்த 'பாய்ஸ் ஃபிளையிங்' என்ற படத்தை நான் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும் பையன்கள். கூர்மையான லென்ஸில் எடுத்திருந்தால் அது குதிக்கிற பையன்களின் படம். சட்டைப் பொத்தானும் செருப்பு வாரும் புல்நுனியும் எண்ணக் கிடைத்திருக்கும். டயானா அதையெல்லாம் எண்ண விடுவதில்லை. எண்ண எதுவும் இல்லாததால் கண் உடலின் வடிவத்தில் மட்டும் தங்குகிறது; வடிவம் மட்டும் மிஞ்சியதும், அவர்கள் இறங்கப்போகிறார்கள் என்ற எண்ணம் போய்விடுகிறது. பறக்கிறார்கள் என்று தலைப்பு சொல்வதை நாம் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். லென்ஸின் இயலாமையை ஒரு பொருளாக மாற்றிய படம் என்று யாராவது உதாரணம் கேட்டால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

மைக்கேல் கென்னாவும் 2017இல் 'ஹோல்கா' என்றே பெயரிட்டு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பனியும் நீரும் தனிமரமுமாக, நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைத்து எடுப்பதில் பெயர்பெற்றவர். அவருடைய ஹோல்கா படங்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றில் கேமரா கென்னாவுக்கு அடங்கி நடக்கிறது. ரெக்ஸ்ரோத்திடம் அப்படி இல்லை. கேமரா இழுக்கிற பக்கம் அவர் பாதி தூரம் போகிறார், மீதிப் பாதியைத் தான் இழுக்கிறார். எனக்குப் பிடித்தது இந்த இழுபறிதான்.

டேவிட் பர்னெட்டின் கதை வேறு. செய்திப் படக்காரர், கையில் எப்போதும் உயர்தரக் கருவிகள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தில் அல் கோரின் கூட்டத்தை ஹோல்காவில் எடுத்தார். வெள்ளை மாளிகைச் செய்திப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் 2001 போட்டியில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. தேர்தல் மேடை என்றால் எத்தனை குப்பை! கம்பம், ஒயர், விளக்கு, பதாகை. நல்ல லென்ஸ் எல்லாவற்றையும் சமமாகக் கொண்டுவந்து கொட்டும். ஹோல்கா ஓரத்தில் இருப்பதை இருட்டுக்குள் தள்ளிவிட்டுப் பேசுகிற ஆளிடம் நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பரிசு கிடைத்தது இந்தப் படத்துக்காகத்தானே தவிர, பொம்மையில் எடுத்த வேடிக்கைக்காக அல்ல என்றே நினைக்கிறேன்.

கேமராவில் மாற்றக்கூடியவை மிகக் கொஞ்சம். தூரத்துக்கு லென்ஸ் வளையத்தில் நான்கு சின்னப் படங்கள்: ஒரு ஆள், குடும்பம், கூட்டம், மலை. சுமாராக 1 மீட்டர், 2 மீட்டர், 6 மீட்டர், 10 மீட்டரும் அதற்கு அப்பாலும். வெளிச்சத்துக்குச் சூரியன், மேகம் என்று ஒரு விசை. பழைய ஹோல்காக்களில் அந்த விசையை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றுதான். சூரியனுக்காக வைத்த துளை, பின்னாலிருக்கும் நிரந்தரத் துளையைவிடப் பெரிது. ஆக அபெர்ச்சர் எப்போதும் எஃப்/13 அளவில்தான் நிற்கும். ஷட்டர் சுமார் 1/100 நொடி.

இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் போதும், மீதியை வெயில் சொல்லிவிடும். தெளிந்த வானத்து உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு எஃப்/16, 1/100 நொடி என்பது பழைய கணக்கு. எஃப்/13 அதைவிட அரை ஸ்டாப்புக்குச் சற்று அதிகம். நெகட்டிவ் ஃபிலிம் அதைச் சிரமமில்லாமல் தாங்கும். அதே வெயிலில் 400 ஃபிலிம் போட்டால் இரண்டரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் உள்ளே போகும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதையும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் வானம் கெட்டியாகி, பிரிண்ட் போடும்போது பாடாய்ப் படுத்தும். வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் 400 போடச் சொல்லியிருக்கும்; அது அவர்களுடைய மேகமூட்டத்துக்கு. சித்திரை மாதத்து மதுரைக்கு 100 போதும். 400ஐ அதிகாலைக்கும் மழைநாளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஃபிலிம் போடுவதே ஒரு தனிச் சுகம். நிழலாகப் பார்த்து நின்றுகொண்டு, 120 சுருளின் ஒட்டுத்தாளைக் கிழித்து, காகித நாக்கைக் காலி உருளையின் பிளவில் செருகி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இங்கே கொஞ்சம் தளர்ந்தாலும் போச்சு. சுற்றச் சுற்ற உருளை தடித்துக்கொண்டே போய், வெளியே எடுக்கும்போது இரு ஓரத்திலும் வெளிச்சம் தின்றிருக்கும். ஃபிலிம் வந்த அட்டைப்பெட்டியின் மடலைக் கிழித்து, மடித்து, உருளைக்கு அடியில் செருகி வைத்தால் இறுக்கமாகச் சுற்றும். கதவை மூடிக் குமிழைத் திருகினால் பிளாஸ்டிக் பற்கள் 'கர்ர் கர்ர்' என்று ஓடும். பின்பக்கச் சிவப்புச் சாளரத்தில் முதலில் வெறும் காகிதம், பிறகு குறிகள், அதன்பின் மெல்ல மிதந்து வரும் '1'. சதுரப் படம் என்றால் 12தான். குமிழுக்கும் ஷட்டருக்கும் உள்ளே எந்தத் தொடர்பும் இல்லை. திருகாமல் மறுபடி அழுத்தினால் ஒரே சதுரத்தில் இரண்டு காட்சி. பாதி திருகினால் ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஏறி நீளப்படமாகும்.

நான் எடுத்தவற்றில் எனக்கு நிறைவு தந்த படம் ஒரு சாலையோரப் பஞ்சர் கடையில் எடுத்தது. புளியமரத்தடி. இரும்புத் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார் கடைக்காரர். இரண்டு மீட்டர், குடும்பப் படம் போட்ட இடம். வியூஃபைண்டர் லென்ஸுக்கு மேலே ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால், கிட்டத்தில் எடுக்கும்போது அதில் தெரிவதை அப்படியே நம்பினால் நடுவில் இருக்க வேண்டியது நழுவிப்போகும். தொட்டியும் இரண்டு கைகளும் நடுவுக்கு வரும்படி கேமராவைச் சற்றுத் தள்ளிப் பிடித்து எடுத்தேன். நெகட்டிவைக் கழுவிப் பார்த்தபோது தண்ணீரில் கைவிரல்கள் விரல்களாகவே இருந்தன, குமிழிகள்கூடத் தனித்தனி. அங்கிருந்து வெளியே வர வர எல்லாம் தளர்கிறது. கொம்பில் தொங்கவிட்ட டயர்கள் பாதி வட்டமாகி இருட்டில் கரைகின்றன. மேலே புளிய இலை பொடிப்பொடியாக, வேகமாக ஓடுகிற மாதிரி. புளியமரத்து இலையைவிட இந்த லென்ஸின் ஓரத்துக்குப் பொருந்துவது வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

கைப்பேசியில் ஒரு தட்டில் இதே மாதிரி மூலையை இருட்டாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆக்கலாம். ஆனால் எடுத்து முடித்த படத்தின்மேல் பிறகு போடுகிற இருட்டு அது. எடுக்கும்போது அந்த ஓரத்தில் நின்ற பொருளுக்கும் அதற்கும் உறவு கிடையாது. மங்கல் எங்கே விழும் என்று தெரிந்து, அதற்காக இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றவருடைய படத்தில் அந்த நகர்வு தெரியும். பழகிய கண் அதைக் கண்டுபிடித்துவிடும்.

லோமோவைப் பற்றியும் கேட்பார்கள். 1984இல் லெனின்கிராடிலிருந்து வந்த லோமோ எல்சி-ஏ நல்ல கண்ணாடி லென்ஸும் தானியங்கி எக்ஸ்போஷரும் உள்ள கேமரா. அதன் கொழுத்த நிறங்களுக்கும் இருண்ட மூலைகளுக்கும் மயங்கிய வியன்னாக்காரர்கள் 1992இல் அதற்கென்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். இனிய கருவிதான், ஆனால் பொம்மை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

நம் வீட்டு ஆல்பங்களில் இதற்கு உறவு இருக்கிறது. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் III, 120 ஃபிலிமில் 12 சதுரப் படம் எடுக்கும் எளிய பெட்டி. நடுத்தரக் குடும்பங்களின் கல்யாணமும் காதுகுத்தும் உல்லாசப் பயணமும் அதற்குள் போயின. ஃபிலிமோ நம் ஊட்டியிலேயே உருவானது: 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் தந்தது. நீலகிரிக் குளிரில் பூசப்பட்ட வெள்ளி உப்பில் பதிந்த எத்தனையோ முகங்கள் இன்றும் தமிழ்நாட்டு இரும்புப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. ஆலை மூடிக்கிடக்கிறது. வீட்டில் அந்தக் காலத்துச் சதுரப் பிரிண்டுகள் இருந்தால் எடுத்து, முகத்தை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் ஒரு முறை பாருங்கள். பந்தல் துணியும் தென்னங்கீற்றும் அங்கே என்ன ஆகியிருக்கின்றன என்று தெரியும்.

ஹோல்காவின் தயாரிப்பு 2015இல் நின்றுபோனது. அச்சுகளையே தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று அப்போது பேச்சு. மீந்திருந்த அச்சுகளைக் கொண்டு 2017இல் மறுபடி வரத் தொடங்கியது. வாங்க நினைப்பவர்கள் 120என் மாடலைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் லென்ஸ், முக்காலியில் பொருத்த மரை, ஷட்டரைத் திறந்தே வைக்க 'பி' விசை எல்லாம் உண்டு. கண்ணாடி லென்ஸ் வைத்த 120ஜிஎன்னும் கிடைக்கிறது. காசு கூடக் கொடுத்து அதை வாங்காதீர்கள். நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேற்றுமை அதில் குறைகிறது, அந்த வேற்றுமைக்காகத்தானே இந்தக் கேமரா. 'பி' விசை பையில் உரசித் தானாக நகரும் வழக்கம் உள்ளதால் ஒவ்வொரு படத்துக்கு முன்னும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்பைப் பொறுத்தமட்டில், கொக்கிகளை மட்டும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள். கதவின் இடுக்குகளையும் சிவப்புச் சாளரத்தையும் ஒட்டாமல் முதல் சுருளை வெயிலில் எடுத்து முடித்துக் கழுவிப் பாருங்கள். ஒவ்வொரு ஹோல்காவிலும் வெளிச்சம் கசிகிற இடம் வேறு வேறு. உங்களுடையதில் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், எத்தனையாவது படத்திலிருந்து என்று நெகட்டிவில் குறித்துக்கொண்டபின், எதை அடைப்பது, எதைத் திறந்தே விடுவது என்று முடிவு செய்யலாம்.