வீராவின் கதையை யார் சொல்கிறார்கள்?

வில்லன் பக்கம் நின்று கதை சொல்லும் படம் எது என்று கேட்டால், மாணவர்கள் சட்டென்று சொல்வது 'மெலபிசென்ட்' (2014). தூங்கும் அழகியைச் சபித்தவள்தான் அதில் நாயகி. ஆனால் அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2010-இல், மணிரத்னத்தின் 'இராவணன்' தமிழில் வந்துவிட்டது. நோக்குநிலையை விளக்கும்போது வகுப்பில் இந்தப் படத்தைச் சொல்வதுண்டு. "இராவணன் நோக்கில் அமைந்த இராமாயணம்" என்று ஒரே வரியில் முடித்தும் விடுகிறோம். படத்தை மறுபடி பார்த்தால் அந்த வரி நிற்கவில்லை.

கதை தெரிந்ததுதான். காட்டுக்குள் ஆளுமை செலுத்தும் வீரா (விக்ரம்), காவல்துறை அதிகாரி தேவின் (பிருத்விராஜ்) மனைவி ராகினியைக் (ஐஸ்வர்யா ராய்) கடத்துகிறான். பதினான்கு ஆண்டு வனவாசம் இங்கே பதினான்கு நாள். கார்த்திக் அனுமன், பிரபு கும்பகர்ணன், பிரியாமணி சூர்ப்பணகை. யார் யார் என்று கண்டுபிடிப்பது மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி. அதிலேயே பாதி வகுப்பு ஓடிப்போய்விடும், கவனம்!

இப்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வீரா ஏன் கடத்தினான் என்பது நமக்கு எப்போது தெரிகிறது? தங்கை வெண்ணிலாவின் திருமணத்தில் புகுந்த காவல்துறை, வீராவைச் சுடுகிறது. அவளை இழுத்துச் சென்று கொடுமை செய்கிறது. அவள் உயிரை விடுகிறாள். இது பின்னோக்கு உத்தியில், படம் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் வருகிறது. அதாவது ராகினிக்குத் தெரியவரும்போதுதான் நமக்கும் தெரிகிறது. அதுவரை நாமும் அவளைப் போலவே வீராவைப் பார்த்துப் பயப்படுகிறோம், குழம்புகிறோம், பிறகு மெல்ல இளகுகிறோம். அப்படியானால் நோக்குநிலை யாருடையது? ராகினியுடையது. பெயர்தான் இராவணன், உள்ளே ஓடுவது சீதையின் கதை. 'மெலபிசென்ட்'டிலும் இதே நிலைதான். கதை சொல்லும் குரல் சபிக்கப்பட்ட இளவரசி அரோராவுடையது என்று கடைசியில்தான் தெரியவரும்.

இன்னொரு சிக்கல். வீராவை உயர்த்த, படம் தேவைத் தாழ்த்துகிறது. சமாதானம் பேச வந்த வீராவின் தம்பியைத் தேவ் சுட்டுக் கொல்கிறான். அந்த நொடியோடு தராசு முழுசா ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இது நோக்குநிலை மாற்றம் இல்லை, ஆள் மாற்றம்தான். வில்லன் நாற்காலியில் இருந்தவரை எழுப்பிவிட்டு, இன்னொருவரை உட்கார வைத்தாயிற்று. பின்வரிசைப் பையன்கள் வீராவுக்குக் கைதட்டுவார்கள். தட்டட்டும். ஆனால் ஒன்றும் செய்யாத ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனானே, அதற்கு என்ன பதில் என்று நாம் கேட்டாக வேண்டும். தனக்குக் கொடுமை நடந்தது என்பதால் எதையும் செய்யலாம் என்று பதினாறு வயதில் ஒருவன் புரிந்துகொண்டால், அது தேர்வுப் புள்ளியோடு முடிகிற விஷயமில்லை.

கம்பர் இராவணன் கட்சி இல்லை. இருந்தும் முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து இலங்கைக்குத் திரும்புகிறவனின் மனசுக்குள் போய்ப் பார்க்கிறார். வானோரும் மண்ணோரும் சிரிப்பார்களே என்று அவன் வெட்கப்படவில்லை. சீதை சிரிப்பாளே என்றுதான் கூனிக் குறுகுகிறான். தவறு தவறாகவே இருக்கிறது, ஆள் மட்டும் நமக்கு நெருங்கி வந்துவிடுகிறான். படம் முழுக்க விக்ரம் கத்தியும் சிரித்தும் நடித்தும்கூட இந்த நெருக்கம் ஓரிரு இடத்தில்தான் கிடைக்கிறது.

நம் நாட்டிலேயே ஒப்பிட ஓர் இணை உண்டு. 1956-இல் பனி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா'வில் பி. ரம்லி நாயகன். ஐந்தே ஆண்டில், 1961-இல், ஹுசேன் ஹனிஃப் 'ஹங் ஜெபாட்' எடுத்து, துரோகி எனப்பட்டவனை நடுவில் நிறுத்தினார். மலாய்ப் பாடத்தில் இந்த நண்பர்களைப் பற்றி மாணவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். துவா விசுவாசி, ஜெபாட் நியாயம் கேட்டவன். யார் சரி என்று இன்றும் வாதம் முடியவில்லை. இருவர் கையிலும் ஒரு நியாயம் இருப்பதால்தான் முடியவில்லை. தேவ் கையில் அப்படி எதையும் படம் விட்டுவைக்கவில்லை.

படத்தின் உயர்ந்த பகுதி கடைசி அரை மணி நேரம். மீட்டு அழைத்துவரும் ரயிலிலேயே தேவ் மனைவியைச் சந்தேகிக்கிறான். உண்மை அறியும் சோதனைக்கு வா என்கிறான். அக்கினிப் பிரவேசத்தை இயந்திரமாக்கியது நல்ல கற்பனை. அவள் சங்கிலியை இழுத்து இறங்கி வீராவைத் தேடிப் போகிறாள். அவள் பின்னாலேயே காவல்துறை. அவன் சொன்ன சந்தேகமே வீரா இருக்கும் இடத்தைப் பிடிக்க விரித்த வலை என்று அப்போதுதான் புரிகிறது. இங்கேயும் ஏமாந்தது, தெளிந்தது, நடுவில் போய் நின்றது எல்லாம் ராகினிதான்.

வகுப்புக்கு: வெண்ணிலா பகுதி இருப்பதால் படிவம் நான்குக்குக் கீழே வேண்டாம். இதே படம் இந்தியிலும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது. அதில் விக்ரம்தான் தேவ். ஒரே காட்சியை இரண்டு மொழியிலும் ஒலியை அடைத்துவிட்டுக் காட்டுங்கள். அதே முகம் எதிர்ப்பக்கம் நிற்கும்போது மாணவர்கள் யாருக்காகப் பரிந்து பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு தன்கதை எழுதச் சொல்லலாம். வீராவின் தன்கதை எல்லாரும் எழுதிவிடுவார்கள். பிரபு நடித்த அண்ணன் சிங்கராசுவின் தன்கதையைக் கேளுங்கள். தம்பி ஒரு பெண்ணைக் கட்டி இழுத்துவந்த அன்று இராத்திரி அவர் என்ன நினைத்திருப்பார் என்று படம் சொல்லவே இல்லை.