மோட்டார் குடித்தது போக மிச்சம்

ஜேடர்பாளையம் தடுப்பணையில் காவிரியிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால், பரமத்தி வேலூர் வட்டாரத்து வாழைக்கும் கரும்புக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. வயலுக்கு அது ஓடிவர ஒரு யூனிட் கரண்ட்கூட ஆவதில்லை. மண்ணின் சரிவே போதும். சோலாரில் இத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று அரசு சொல்லும் கணக்கில் இந்தச் சேமிப்பு ஏறுவதில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

வாய்க்கால் எட்டாத மேட்டுக்காட்டில் கதை வேறு. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இலவசம், பெரும்பாலும் மீட்டர் கிடையாது. மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும். ஆள் போய்ப் பார்ப்பதற்குள் தொட்டி நிரம்பி வழிந்திருக்கும். பலமுறை காயில் கட்டிய மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

இதே மோட்டாருக்கு சோலார் தகடு மாட்டினால் போதும் என்பவர்களின் வாதம் லேசானதல்ல. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பாசனத்தைப் பகலுக்குத் தள்ளி வெயிலிடம் ஒப்படைத்தால் அந்தப் பங்குக்கு எரிக்கும் நிலக்கரி மிச்சம்தான். ஆனால் மின்கட்டமைப்போடு இணையாமல் தனித்து நிற்கும் சோலார் பம்பை நிறுத்துவதால் விவசாயிக்குச் சல்லிக்காசு கிடைக்காது. அதனால் வெயில் உள்ளவரை இறைப்பார். நீர்மட்டம் இறங்கினால் அதே தண்ணீருக்குப் பெரிய மோட்டார், கூடுதல் தகடு. ஏட்டில் அதுவும் சூரிய மின் வளர்ச்சிதான்.

விவசாயிகளின் சோலார் பம்புக்காக மத்திய அரசு 2019இல் கொண்டுவந்த பிஎம்-குசும் திட்டத்தில் தனி பம்புக்கும் இடமுண்டு. மின்கட்டமைப்போடு இணைந்த பம்பின் உபரியை விற்கவும் வழியுண்டு. என் தீர்ப்பு இரண்டாவதற்கே, அதுவும் ஒரு வரிசையோடு: முதலில் சொட்டுநீர், அடுத்து நல்ல மோட்டார், பிறகு குறைந்துவிட்ட அந்தத் தேவைக்கு அளவாகத் தகடு. கம்பி போகாத காட்டுக்குத் தனி பம்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

விற்பதற்கு மீட்டர் வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே விவசாயி முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது: 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி, பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். ஆகவே இந்த மீட்டர் விவசாயிக்கு வரவேண்டிய காசை மட்டுமே காட்டும் என்று மின்வாரியம் எழுத்தில் தர வேண்டும். உபரி யூனிட்டுக்கு வைக்கும் விலையும் முக்கியம். கூடுதலாக ஒரு மணி நேரம் இறைத்தால் கரும்பில் கிடைப்பதைவிட அது குறைவு என்றால், யாரும் மோட்டாரை நிறுத்த மாட்டார்கள்.