நடுவில் நிற்கும் ஆள்

மனோதத்துவ நிபுணர்கள் எழுதி வைத்த நோயாளி வரலாறுகளைக் கதைகளாகப் படிப்பது என் வழக்கம். இது தகாத படிப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. தாம் எழுதும் வரலாறுகள் சிறுகதைகளைப் போல் இருப்பது தமக்கே விசித்திரமாகத் தோன்றுகிறது என்று ஸிக்மண்ட் பிராய்டே 1895-ல் எழுதியிருக்கிறார். அவர் எழுதியவற்றுள் இன்றைய வாசகர்கள் அவசியம் படிக்க வேண்டியது, 1909-ல் வெளியான 'சின்ன ஹான்ஸ்' வரலாறு என்பது என் அபிப்பிராயம்.

காரணம் இருக்கிறது. தனியாகத் தொழில் நடத்தும் நிபுணரிடம், வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர்த் திரையில் மனச் சிகிச்சை தொடங்குகிறவர்கள் இப்போது அநேகம். "எதிரே உட்காராமல் இது என்ன வைத்தியம்?" என்று கேட்கிறவர்களும் அநேகம். சின்ன ஹான்ஸுக்கு நடந்ததும் அப்படி ஒரு தூரத்து வைத்தியந்தான்.

ஹான்ஸ் வியன்னாவில் வளர்ந்த பையன். 1908-ன் தொடக்கத்தில், ஐந்து வயது நிறையுமுன், தெருவில் இறங்கப் பயப்படுகிறான். குதிரை கடித்துவிடுமாம், விழுந்துவிடுமாம். பஸ் வண்டி இழுத்த குதிரை ஒன்று விழுந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். அவனுடைய தகப்பனார் மாக்ஸ் கிராப் சங்கீத விமர்சகர்; பிராய்டின் குழுவைச் சேர்ந்தவர். பையனைக் கேள்வி கேட்பது, பதிலைக் குறித்துக்கொள்வது, பிராய்டுக்கு அனுப்புவது எல்லாம் அவரே. அந்தச் சிகிச்சையில் பிராய்ட் பையனை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. குதிரையின் கண்ணருகே இருப்பது அப்பாவின் மூக்குக்கண்ணாடி, வாயைச் சுற்றியுள்ள கறுப்பு அப்பாவின் மீசை, ஆகவே பயம் அப்பாவிடம் என்று அன்றைக்கு விளக்கம் சொன்னார். வீடு திரும்பும் வழியில், புரொபசர் கடவுளோடு பேசுவாரா என்று பையன் கேட்டானாம்! நூல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மேதைகளைக் குழந்தைகள்தாம் சரியாக எடை போடுகிறார்கள்.

கதை என்ற முறையில் பார்த்தால், ஹான்ஸ் உயிருள்ள பாத்திரம். தகப்பனார் அப்படியில்லை, அவர் கேள்வியாகவே நிற்கிறார். பல இடங்களில் பதில் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தன் கருத்தைப் பாத்திரத்தின் வாயில் திணிக்கும் நாவலாசிரியனின் பழக்கம் இது. எனக்கு நன்றாகத் தெரிந்த பழக்கம். குதிரை விழுந்தபோதுதான் பயம் பிடித்தது என்று பையன் சொல்கிறான். கேட்பவர்களுக்கு அது போதவில்லை. ஜோசப் வோல்ப், ஸ்டான்லி ராக்மன் என்ற இரு நிபுணர்கள், பையன் சொன்னதே போதுமான காரணம் என்று 1960-ல் வாதாடினார்கள்.

இந்தக் குறைக்குத் தூரமா காரணம்? நான் அப்படி நினைக்கவில்லை. பிராய்ட் நேரில் வைத்தியம் செய்தபோதும், நோயாளியைச் சோபாவில் படுக்க வைத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் தலைமாட்டில்தான் உட்காருவார். நாளெல்லாம் பிறர் தம்மை உற்றுப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. திரையிலோ முகமாவது தெரிகிறது. திரைக்கும் குறைகள் உண்டு. மடியில் பிசையும் கைகள் அதில் தெரிவதில்லை. ஒருவர் மௌனமானால், துக்கமா, இணைப்புக் கோளாறா என்று மற்றவர் தயங்க வேண்டியிருக்கிறது. ஆனால், பேசுகிறவர் தம் வாயால் பேசுகிறார். ஹான்ஸுக்குக் கிடைக்காத வசதி அது. அவனுக்கும் வைத்தியருக்கும் நடுவில் ஓர் ஆள் நின்றார். யாரைக் கண்டு பயம் என்று வைத்தியர் முடிவு செய்தாரோ, அதே ஆள்!

பையன் சில மாதங்களில் குணமடைந்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தகப்பன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தினந்தோறும் பிள்ளையின் பேச்சைக் கேட்டதே பாதி மருந்தாக இருந்திருக்கலாம். இருந்தாலும், அப்பாவைப் பற்றி அப்பாவிடமே சொல்ல முடியாதவை எவ்வளவோ இருக்கும். அவற்றுக்கு அந்த வைத்தியத்தில் இடமே இல்லை.

நம் வீடுகளில் திரைக்கு முன் உட்காருகிறவர்கள் யோசிக்க வேண்டியதும் இதுதான். கூடத்தில் மாமியார், அடுத்த அறையில் கணவர், மெல்லிய கதவு. யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர் காதுக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பேச்சு தானாகவே திருத்தப்பட்டு வெளிவரும். நிபுணர் நூறு மைலுக்கு அப்பால் இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. கதவுக்கு அப்பால் நிற்பவரால்தான் கெடும். நிறுத்தி வைத்த காரிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து பேசுகிறவர்களைக் கண்டு சிரிக்க வேண்டாம். அவர்கள் விஷயம் புரிந்தவர்கள். முதல் நாள் நிபுணரிடம், "இங்கே என்னால் தாராளமாகப் பேச முடியாது" என்று சொல்லிவிடுவதும் சிகிச்சையின் ஆரம்பமே.

1922-ல், பத்தொன்பது வயது வாலிபனாக ஹான்ஸ் பிராய்டைப் பார்க்க வந்தான். தன்னைப் பற்றிய வரலாற்றை அவன் படித்திருந்தான். ஆனால் அதில் தன்னை அடையாளம் கண்டுகொள்ள அவனால் முடியவில்லை. மறதி என்று பிராய்ட் விளக்கம் தருகிறார், இருக்கலாம். அதை எழுதிய கைகளில் ஹான்ஸின் கை இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?